மூன்றாவது விரால்

1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை, காலை ஆறே கால் மணி. முந்தின இரவு நாலு தூறல் போட்டுவிட்டு மேகம் கலைந்திருந்தது. ஆடி முடிய இன்னும் ஒரு வாரம் இருந்ததால் காற்று மட்டும் ஓயாமல் புழுதியை வாரிக்கொண்டிருந்தது. எங்கள் தெருக் கிணற்றில் இரண்டு விரால் மீன்கள் வயிறு மேலாக மிதந்தன.

முதலில் பார்த்தது நான். எண்ணுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. பள்ளிக்கூடத்துக் கூரையில் எத்தனை ஓடு உடைந்திருக்கிறது, வாத்தியார் ஒரு பாடத்தில் எத்தனை தடவை இருமுகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தினமும் காலையில் எழுந்ததும் கிணற்றை எட்டிப் பார்த்து மீனை எண்ணிவிட்டுத்தான் பல் துலக்குவேன். ஆகவே கிணற்றில் மொத்தம் எத்தனை மீன் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் தெருவில் நான்தான். இரண்டு. அந்த இரண்டும்தான் செத்துக் கிடந்தன.

கிணற்று மீனை யாரும் தின்பதற்காக விடவில்லை. ஏரி வற்றும் மாதத்தில் சேற்றில் அகப்படுகிற விராலில் ஒன்றிரண்டை உயிரோடு கொண்டுவந்து குடிதண்ணீர்க் கிணற்றில் விடுவது எங்கள் தெரு வழக்கம். புழு பூச்சியைத் தின்னும் என்பார்கள். அதைவிட முக்கியம், தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்பதற்கு மீன்தான் சாட்சி. விரால் அவ்வப்போது மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். காலையில் முதலில் வருகிற பெண் கயிற்றை விடுவதற்கு முன் எட்டிப் பார்ப்பாள். தண்ணீரில் ஒரு வட்டம் விரிந்தால், “இருக்குது” என்று பின்னால் நிற்பவளிடம் சொல்லிவிட்டு இறைக்க ஆரம்பிப்பாள். அதற்கு மேல் பரிசோதனை எதுவும் அந்தத் தண்ணீருக்குக் கிடையாது.

எங்கள் தெரு ஊரைவிட்டுத் தள்ளி இருந்தது. தெற்கே பார்த்தால் ரஞ்சன்குடிக் கோட்டையின் மேல்சுவர் தெரியும். முப்பத்தொரு வீடு, ஒரே கிணறு. ஊருக்குள் வேறு இரண்டு கிணறுகள் உண்டு. அவற்றில் எங்கள் வாளி இறங்கியதில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டதற்கு, “நம்ம தண்ணிதான்டா ருசி” என்றார் அப்பா. நான் நம்பிவிட்டேன்.

மீன் செத்ததற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். முந்தின நாள் மாலை சுகாதார ஆய்வாளர் சைக்கிளில் வந்திருந்தார். தெருவில் அவருக்கு மருந்து சார் என்று பெயர். பக்கத்து ஊர்களில் வாந்திபேதி வந்திருக்கிறது, இங்கேயும் வரும் என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த வெள்ளைத் தூளை வாளியில் கரைத்து, தெளிய வைத்து, தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றினார். ராத்திரி முழுக்க இறைக்க வேண்டாம், காலையில் தாராளமாகக் குடிக்கலாம் என்றார். மூக்கைத் துளைக்கிற ஒரு நெடி வந்தது. ஆடியில் எங்கள் கிணற்றில் ஓராள் ஆழம்தான் தண்ணீர் கிடக்கும். மீன் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. இருக்கிறது என்று நாங்களும் சொல்லவில்லை.

நான் போட்ட சத்தத்தில் தெரு முழுக்கக் கூடிவிட்டது. பேச்சை ஆரம்பித்தது மேலண்டை வீட்டுப் பெரியம்மா. அவள் குரலுக்கு நெடுஞ்சாலையில் போகிற லாரியே வேகம் குறைக்கும்.

“மீனையே கொன்னுபுட்டான். மனுசன விட்டா வைப்பான்?”

“போன வருசம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசனுக்கு ஆள் புடிக்க ஜீப்புல வந்தானுவ. ஆம்பளைங்கல்லாம் சோளக்காட்டுல போயி ஒளிஞ்சிக்கிட்டாங்க. ஆள் கெடைக்கலன்னு இப்ப கெணத்துலயே கலக்கிட்டானுவ” என்றாள் இன்னொருத்தி.

“அப்டின்னா எனக்கு ஒரு கொடம் சேத்து இறைங்கடி. ஆறு பெத்தது போதும்” என்றாள் மூன்றாமவள். சிரிப்பு எழுந்தது. ஆனால் யாரும் இறைக்கவில்லை.

அன்று பத்து மணிக்குள் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிவந்து கிணற்று வாயில் போட்டு மூடிவிட்டார்கள். குடங்கள் எல்லாம் ஏரிக்குப் போயின. வற்றிக் கிடந்த ஏரியின் நடுவில் கையால் குழி தோண்டினால் ஊற்றுச் சுரக்கும். பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஏரியில்தான் எருமைகள் படுத்தன. அந்தக் கரையில்தான் காலையில் ஊரே ஒதுங்கியது. முந்தின இரவுத் தூறல் அதையெல்லாம் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்போது அத்தை இருந்தாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. ஏழு மாதம். இரண்டு மாதமாகவே பிரசவத்துக்கென்று எங்களோடு இருந்தாள். அத்தையின் கணவர், என் மாமா, லப்பைக்குடிக்காட்டில் ஒரு பாய் வைத்திருந்த இரும்புக் கடையில் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை கடை விடுமுறை. எல்லா வெள்ளிக்கிழமையும் காலை ஒன்பது மணி பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். அவர் தெருவுக்குள் நுழைகிறார் என்பது சிரிப்புச் சத்தத்திலேயே தெரியும். நாயிடம்கூட ஏதாவது சொல்லிவிட்டுத்தான் வருவார்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் வருவதற்குள் விஷயம் முற்றியிருந்தது. என்னோடு ஐந்தாம் வகுப்பில் படித்த கடைசி வீட்டுப் பையனுக்கு வியாழக்கிழமை மதியம் வாந்திபேதி பிடித்துக்கொண்டது. சாயங்காலத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. அவன் அப்பா தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, கை காட்டி நிறுத்திய பஸ்ஸில் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

“திங்கக்கெழம மருந்துத் தண்ணி ஒரு வாய் பட்டுருக்கும். அதான்” என்று பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

அம்மா இதையெல்லாம் சொல்லி முடிக்கிற வரைக்கும் மாமா ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. “உன் நாத்தனார் எந்தத் தண்ணி குடிக்கிறா?” என்று மட்டும் கேட்டார்.

“ஏரித் தண்ணியக் காய்ச்சித்தான் குடுக்குறேன். அதுக்கே குமட்டுறா.”

“ஒரு பானையக் காய்ச்சிரலாம். பிரசவம் பாக்க வர்றவ கையக் காய்ச்ச முடியுமா? புள்ளையத் தூக்கிக் கொஞ்ச வர்றவ வாயக் காய்ச்ச முடியுமா? தெருவே அந்தத் தண்ணியக் குடிக்கிறப்ப நம்ம பானைய மட்டும் காப்பாத்தி என்ன பண்றது?”

எழுந்து நேராகக் கிணற்றுக்குப் போனார். முள்ளை ஒதுக்கினார். ஒரு வாளி இறைத்து, மோந்து பார்த்து, எல்லாரும் பார்க்க மடமடவென்று குடித்தார். பெரியம்மா ஓடிவந்தாள்.

“மாப்ள, வேணாம்ப்பா. வாயும் வயிறுமா ஒருத்தி வூட்டுல இருக்கா.”

“அவளுக்காவத்தாங்க குடிக்கிறேன். பாருங்க, நல்லாத்தான இருக்கேன்? நீங்களும் ஒரு வாய் குடிங்க.”

“ஒங்களுக்கென்ன, இரும்புக் கடை ஒடம்பு. ஆணியத் தின்னாலும் செரிக்கும். எங்க புள்ளைங்க அப்டியா?”

மறுபடி சிரிப்பு. மாமாவும் சேர்ந்து சிரித்தார். ஆனால் குடம் எதுவும் கிணற்றுக்குத் திரும்பவில்லை. செத்த மீன் இரண்டுக்கு எதிரே உயிரோடு நின்ற மாப்பிள்ளையின் சாட்சி செல்லவில்லை.

கொஞ்ச நேரம் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“டேய் கணக்குப்புள்ள, கெணத்துல மொத்தம் எத்தன மீன் இருந்துச்சு?”

“ரெண்டு மாமா.”

“நிச்சயமா?”

“நான் தெனமும் எண்ணுவேன்.”

“ஒன்னத் தவிர யாராச்சும் எண்ணுவாங்களா?”

“யாரும் எண்ண மாட்டாங்க.”

“அப்ப இனிமே மூணு.”

“ரெண்டுதான் மாமா.”

“மூணுடா. இன்னிக்குப் பள்ளிக்கூடம் வேணாம், சட்டையப் போட்டுட்டு வா.”

பதினொரு மணி பஸ்ஸில் என்னையும் ஒரு பித்தளைக் குடத்தையும் கூட்டிக்கொண்டு வந்த வழியே லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பினார். கடைத்தெருவில் கதவுகள் சாத்தியிருந்தன. பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் வெள்ளைச் சட்டையில் போய்க்கொண்டிருந்தார்கள். வெள்ளாற்றங்கரையில் ஒரு மீன்காரம்மா அண்டாவில் உயிர் மீன் வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“வெள்ளிக்கெழமையும் அதுவுமா மீன் தின்னுற வூடா?” என்றாள் எங்களைப் பார்த்து.

“திங்கறதுக்கில்லம்மா. குடித்தனம் வைக்க.”

“ஒத்த மீனா எப்டிங்க குடித்தனம் வைக்கும்?”

“மொதல்ல வூடு புடிக்கட்டும். அப்பறம் பொண்ணு பாக்கலாம்.”

அவள் சிரித்துக்கொண்டே மூன்றரை ரூபாய்க்கு ஒரு விராலைப் பிடித்துக் குடத்தில் போட்டாள். முதல் போணி என்பதால் குறைத்ததாகவும், இல்லாவிட்டால் நாலு ரூபாய் என்றும் சொன்னாள். நான் குனிந்து பார்த்தேன். செத்துப்போன இரண்டையும்விடச் சின்னது. முதுகில் கறுப்புப் பட்டை. அதற்குள்ளேயே எனக்குப் பிடித்துவிட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் குடத்தை மாமா மடியில் வைத்து, வாயைத் துண்டால் கட்டியிருந்தார். கண்டக்டர் வந்தார்.

“கொடத்துல என்ன?”

“தண்ணிங்க.”

“தண்ணி ஏன் துள்ளுது?”

“ஆத்துத் தண்ணிங்க. கொஞ்சம் சுறுசுறுப்பு.”

கண்டக்டர் துண்டை விலக்கிக் குனிந்தார். விரால் ஒரு அடி அடித்தது. அவர் மூக்கிலிருந்து தண்ணீர் வடிந்தது. பஸ் முழுக்கச் சிரித்தது. லக்கேஜ் என்று கால் ரூபாய்க்கு ஒரு டிக்கெட்டைக் கிழித்து, “இது ஆடுற ஆட்டத்துக்கு அரை டிக்கெட்டே போட்டிருக்கணும். போனாப் போவுது” என்று மாமா சட்டைப்பையில் செருகினார்.

மூன்று மணிக்கு ஊர் வந்து சேர்ந்தோம். தெருவில் ஆள் இல்லை. எல்லாரும் கடலைக்குக் களை வெட்டப் போயிருந்தார்கள். மாமா ஒரு கூடையைக் கயிற்றில் கட்டி, மீனை அதில் வைத்து, மெதுவாக இறக்கிச் சாய்த்தார். விரால் தண்ணீரில் விழுந்து, கறுப்பாக ஒரு கோடு போட்டு, காணாமல் போயிற்று.

“மாமா, மருந்து இன்னும் இருந்தா?”

“அதான் பாக்கணும். நாலு நாள் ஆச்சு. ரெண்டு நாள்லயே வீரியம் போயிரும்னு ஆஸ்பத்திரில எனக்கு ஒருத்தர் சொல்லியிருக்காரு.”

எந்த ஆஸ்பத்திரியில், எதற்காக அங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. மீன் மேலே வருவதற்காக எண்ணிக்கொண்டிருந்தேன். இருநூறு. முந்நூறு. மாமா இரண்டு கையாலும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மீனுக்காக ஒரு பெரிய மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நானூற்றுப் பதினாறில் ஒரு வட்டம் விரிந்தது.

“இருக்குது” என்றார் மாமா. பெண்கள் சொல்வது மாதிரியே சொன்னார்.

அதற்குப் பிறகு என் வேலை. களை வெட்டியவர்கள் திரும்பி வந்ததும் நான் தெரு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். பெரியம்மா மண்வெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் கிணற்றடிக்கு வந்தாள். அவள் அதிர்ஷ்டம், வந்த சற்று நேரத்தில் விரால் மேலே வந்து அவளைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டுப் போயிற்று.

“மூணு இருந்துச்சாடா?”

“மூணு பெரியம்மா.”

என் வாழ்நாளில் தெரிந்தே தப்பாகச் சொன்ன முதல் எண்ணிக்கை அது. நாக்கு வெந்துவிடும் என்று பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

பெரியம்மா மண்வெட்டியைக் கீழே வைத்தாள். “அதான பாத்தேன். அந்த ரெண்டும் கெழடு. தானாச் செத்துருக்கும். மருந்து மேல பழி. எளசு எப்டித் தாக்குப் புடிச்சிருக்கு பாரு” என்று சொல்லிவிட்டு, தன் கையாலேயே முள்ளை இழுத்துப் போட்டாள். பொழுது சாய்வதற்குள் கிணற்றடியில் இருபத்தாறு குடம் வரிசையில் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு மாமா மேல் வருத்தமே வந்திருக்காது. ஆனால் மருந்தை ஒரு தடவை போட்டால் போதாது, மழை பிடித்துக் கிணறு நிரம்புகிற வரைக்கும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மாமா கடைக்குச் சரக்கெடுக்கப் பெரம்பலூருக்குப் போனபோது மருந்து சாரைப் பார்த்துப் பேசினார். பதினைந்து நாளைக்கு ஒரு புதன்கிழமை மாலை வருவதாக அவர் ஒத்துக்கொண்டார். மீன் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாராம். “வேற எடத்துல மருந்து போட வுட மாட்டேங்குறாங்க. ஒங்க ஊர்ல மீனையும் சேத்துப் போடணுமா?” என்றாராம்.

தெருவும் இப்போது மறுக்கவில்லை. மூன்றாவது மீன் சாகாத மருந்து என்று அதற்கு நல்ல பெயர் வந்துவிட்டது. ஆகவே மருந்து போட்டதற்குப் பிறகும் மீன் உயிரோடு தெரிந்தாக வேண்டும். மருந்து போடுவதற்கு முன்பே மீனைப் பிடித்து வைத்துவிடலாமே என்று நான் சொன்னேன். மாமாவும் முயற்சி செய்து பார்த்தார். கூடையில் மண்புழு வைத்து இறக்கினார், தூண்டில் போட்டார். விரால் கல் இடுக்கில் புகுந்துகொண்டு வெளியே வரவே இல்லை.

எனவே ஏற்பாடு இப்படி ஆயிற்று. புதன்கிழமை மாலை மருந்து. வியாழக்கிழமை முதல் குடம் வருவதற்கு முன் நான் போய்ச் செத்த மீனைக் கூடையால் அள்ளி எடுத்துவிட வேண்டும். யாராவது கேட்டால், “அடியில இருக்கு, குளுருக்கு மேல வர மாட்டேங்குது” என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மாமா பஸ்ஸில் புது மீன் கொண்டுவருவார். மதியம், ஆள் இல்லாத நேரத்தில், இறக்கிவிடுவோம். தெருவுக்கு ஒரே மீன்தான். சில சமயம் அது கொஞ்சம் பெருத்திருக்கும், சில சமயம் இளைத்திருக்கும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு மீனோடும் எனக்குப் பன்னிரண்டு நாள் சிநேகம். ஒவ்வொன்றும் மேலே வரும் விதம் வேறு. ஒன்று வாலைச் சுழற்றும், ஒன்று வாயை மட்டும் காட்டும். பதின்மூன்றாம் நாள் விடிகிறபோது அது விறைத்துப்போய் என் கூடையில் கிடக்கும். கொல்லையில் பப்பாளி மரத்தடியில் குழி தோண்டிப் புதைப்பேன்.

“நாலு ரூவா மீன மண்ணுக்குள்ள போடுறான் பாரு” என்று அம்மாவுக்கு வயிறு எரியும். “மருந்துல செத்தது, கொழம்பு வைக்கவும் வழியில்ல.”

மாமா கொண்டுவந்ததில் நான்காவது மீன் செத்தபோது எனக்குத் தாங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மாமா குடத்தோடு வந்து இறங்கியதும், வழக்கம்போலக் குடத்தை வாங்கிக்கொள்ளாமல் நின்றேன்.

“என்னடா, மொகம் தூக்கிக்கிட்டு நிக்கிற?”

“இதும் சாகத்தான போவுது. ஒங்களுக்கு எரக்கமே இல்ல மாமா.”

ஏதாவது வேடிக்கையாகப் பதில் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். குடத்தைத் தோளில் மாற்றி வைத்துக்கொண்டு, “ஆமாண்டா. இல்ல” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அத்தையிடம் போய்ப் புகார் சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். “ஒங்க மாமாவுக்கா எரக்கம் இல்லங்குற?” என்று என்னையே பார்த்தாள். பிறகு என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளே ஏதோ ஒன்று துள்ளியது. குடத்துக்குள் விரால் துள்ளுகிற மாதிரியே இருந்தது. நான் பயந்து கையை இழுத்துக்கொண்டேன்.

கடைசி வீட்டுப் பையன் ஐந்தாம் நாளே குச்சியாகத் திரும்பி வந்து, ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஏற்றிய கதையை எங்களுக்குப் பொறாமை வரும்படி சொல்லிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பிறகு அந்த வருடம் எங்கள் தெருவிலிருந்து யாரும் அந்தக் காரணத்துக்காக பஸ் ஏறவில்லை. இன்றைக்கும் என் வீட்டு மொட்டைமாடித் தொட்டியின் மூடியைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஏறிப் பார்க்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஆறாவது மீன் கிணற்றில் இருந்தபோது, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெரியம்மாதான் பிரசவம் பார்த்தாள். அவள் கைகழுவியது எங்கள் கிணற்றுத் தண்ணீரில். மாமா அடுத்த பஸ்ஸில் வந்தார். குழந்தையைத் தூக்கவில்லை. பானைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து மூடினார். அதற்கப்புறம்தான் குழந்தையிடம் போனார். அந்த மழையில் கிணறு கழுத்துவரை ஏறியது. ஆறாவது விரால் ஆழத்தில் எங்கோ நிம்மதியாகச் சுற்றியது. மருந்து சார் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்.

குழந்தைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை மாமா, “வாடா, ஒரு நடை போயிட்டு வரலாம்” என்று என்னை லப்பைக்குடிக்காட்டுக்குக் கூட்டிப்போனார். குடம் எடுக்கவில்லை. மீன்காரம்மா எங்களைப் பார்த்ததும் அண்டாவுக்குள் கையை விட்டாள். “இன்னிக்கு வேணாம்மா. வூடு புடிச்சிருச்சு” என்று சொல்லிவிட்டு மாமா அவளைத் தாண்டி நடந்தார்.

கரையோடு கொஞ்ச தூரம் போனதும் கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு மேடான இடம். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, முளைத்திருந்த புல்லைக் கையாலேயே பிடுங்கிச் சுத்தம் செய்தார். குழந்தை பிறந்ததற்காகக் கடையில் கொடுப்பதற்கு வாங்கிய கற்கண்டுப் பொட்டலம் பையில் இருந்தது. அதிலிருந்து ஒரு கற்கண்டை எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு மெதுவாக ஏதோ பேசினார். “நல்லாருக்கா... பால் குடிக்கிறா... தண்ணி நல்ல தண்ணி” என்பதுதான் எனக்குக் காதில் விழுந்தது.

“யாருகிட்ட மாமா பேசுறீங்க?”

என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இருப்பதையே மறந்திருந்தார் போலிருக்கிறது.

“மீன்கிட்டடா. நீதான எரக்கம் இல்லன்னு சொன்ன.”

எனக்கு அது சரியென்றே பட்டது. செத்த மீன்களிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன். நான் அன்றைக்குச் சொன்னது அவர் மனதில் தைத்துவிட்டது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆனால் கணக்கு இடித்தது.

“அஞ்சு மீனுக்கு ஒரு கல்கண்டு எப்டிப் போதும்?”

மாமா பொட்டலத்தை அப்படியே என்னிடம் கொடுத்தார். நான் இன்னும் நான்கு எடுத்து, முதல் கற்கண்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தேன். அவர் தடுக்கவில்லை. நான் வைத்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த மேட்டில் இருந்தது யார் என்று அம்மா எனக்குச் சொல்வதற்குப் பத்து வருடம் ஆயிற்று. அத்தைக்கும் மாமாவுக்கும் இந்தப் பெண் குழந்தைக்கு ஆறு வருடம் முன்னால் ஒரு பையன் பிறந்திருந்தான். பதினோரு மாதத்தில் வாந்திபேதி. பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் தாமதமாகிவிட்டது. “எல்லாம் தண்ணியாலதான்” என்று அங்கே ஒருவர் மாமாவிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவன் பெயரை வீட்டில் யாரும் எடுத்ததில்லை. அப்படி ஒருவன் இருந்தான் என்பதே எனக்குத் தெரியாது. இரண்டாவது பிரசவத்துக்கு அத்தையை ஐந்தாம் மாதமே எங்களிடம் அனுப்பியது, எங்கள் கிணற்றை நம்பித்தான்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மாலை, திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த எனக்கு இது எதுவும் தெரியாது. மாமா கண்டக்டரிடம்கூட வேடிக்கை எதுவும் சொல்லாமல் டிக்கெட் வாங்கினார். அவரைச் சிரிக்க வைக்க என்னிடம் இருந்தது ஒரே சரக்குத்தான். மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

“மாமா, மொத்தம் இருவத்தெட்டு ரூவா இருவது காசு ஆயிருக்கு.”

“எதுக்கு?”

“கெணத்துத் தண்ணிக்கு. ஒங்க செலவு.”

அவர் வெளியே பார்த்துக்கொண்டே, “அவ்ளோதானா?” என்றார்.

என் கணக்கில் சந்தேகப்படுகிறார் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விரலை விட்டு மறுபடியும் முதலிலிருந்து கூட்டினேன். முதல் மீன் மூன்றரை. அடுத்த நான்கும் நாலு நாலு ரூபாய். கடைசி மீனுக்கு மீன்காரம்மா ஏற்றிவிட்டாள், நாலரை. ஆறு லக்கேஜ் டிக்கெட், ஒன்றரை. முதல் நாள் எங்கள் இருவருக்கும் போக வர பஸ் சார்ஜ் இரண்டு எழுபது. மற்ற வெள்ளிக்கிழமைகளில் அவர் எப்படியும் வரத்தான் செய்வார், அதைச் சேர்க்கவில்லை. ஒரு பைசாகூடப் பிசகவில்லை. இருபத்தெட்டு ரூபாய் இருபது காசு.